டிவி இருந்த சுவர்

"அந்தச் சுவரு எவ்ளோ வெயிட்டு தாங்கும்னு நெனைக்கிற?"

"எந்தச் சுவரு?"

"தோ, டிவி இருந்த சுவருதான்."

"இன்னாத்துக்கு?"

"சும்மா கேட்டன் ரேகா."

சும்மா கேட்டானாம், சும்மா... காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெங்கடேசன் கேட்டுவிட்டுப் போனது, இப்போது சாயங்காலம் வாழைக்காய் சீவிக்கொண்டிருக்கும்போதும் சசிரேகாவின் காதிலேயே நின்றது, ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் பத்து வருஷமாக லைனில் நிற்கிற மனுஷன், ஒரு போல்ட்டைக்கூட சும்மா தொடமாட்டான், சுவரை மட்டும் சும்மா கேட்பானா, அதுவும் கேட்டுவிட்டு ஓரக்கண்ணால் ஒரு சிரிப்பு சிரித்தானே, அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா... கல்யாணமான புதிதில் மல்லிகைப்பூப் பொட்டலத்தை டிபன் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, "பையில கொயம்பு கொட்டிக்கிச்சு, இன்னான்னு பாரு" என்று பொய் சொல்லி அவளையே திறக்க வைப்பானே, அதே சிரிப்பு. என்னவோ கொண்டுவரப் போகிறான். என்னவோ என்ன என்னவோ, அவளுக்குத்தான் தெரியுமே, தென்றலுக்கு வாயில் ஒன்றும் நிற்காது, நாலாவது படிக்கிற பெண், நேற்று தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்றவே சொல்லிவிட்டாள், "மா, அப்பா உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு, அதனால நான் சொல்லமாட்டேன், ஆனா அது டிவி." பத்து வருஷம் முடித்தவர்களுக்குக் கம்பெனியில் பரிசாம், வாஷிங் மிஷினா, பிரிட்ஜா, டிவியா, எது வேண்டும் என்று கேட்டார்களாம், அப்பா யோசிக்கவே இல்லையாம், என் சம்சாரத்துக்கு டிவி என்று சொல்லிவிட்டாராம், பாதிச் சுவருக்கு வருமாம்... சம்சாரத்துக்கு டிவி. சசிரேகா கத்தியை வைத்துவிட்டு ஹாலை எட்டிப் பார்த்தாள். சுவர் வெறுமனே நின்றது, நடுவில் ஒரு ஆணி, ஆணியில் மஞ்சள் அட்டை, மின்விசிறிக் காற்றில் அது மெல்லத் திரும்பித் திரும்பி, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை, நானா முடிவு சொல்ல வேண்டும், நீயா என்று கேட்பதுபோல.

அந்த மஞ்சள் அட்டை வந்த கதையை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கூச்சமும் வரும். போன சித்திரையில் வெங்கடேசனுக்குக் கம்பெனியில் வலது கை விரலில் தகடு கிழித்துவிட்டது, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான், வந்தவன் தட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டான், மறுநாளும் ஸ்பூன், அதற்கு மறுநாளும் ஸ்பூன், ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுகிற ஆளா அவன், கேட்க வேண்டாமா, யார் கேட்டார்கள்... அவள் பார்க்கிற டிவி தொடரில் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள், மாமனார் கன்னியப்பனுக்கு விளம்பர இடைவேளையில் செய்தி வேண்டும், தென்றலுக்குக் கார்ட்டூன், ரிமோட்டுக்காக மூன்று பேரும் அடித்துக்கொண்டதில் நாலாவது ஆளின் விரலை யார் பார்த்தது. அப்புறம் ஒருநாள் கரண்ட் போனது. திடீரென்று வீடு இருட்டாகி, அமைதியாகி, தென்றல் டார்ச்சை அடித்தாள், வெளிச்சம் நேராக அப்பாவின் கையில் போய் விழுந்தது, "ப்பா, இன்னாப்பா கட்டு?" என்று கேட்டாள், அவன் விழுந்து விழுந்து சிரித்தான், "அப்பாடா, ஒரு ஆளாவது பாத்துச்சே" என்று. கோபமே படாமல் சிரித்தான், அதுதான் சசிரேகாவுக்குத் தாங்கவில்லை, திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். கரண்ட் வந்தது, டிவி தானாக உயிர் வந்து கத்த ஆரம்பித்தது, அவன் எழுந்து போய் அதை அணைத்து, சட்டைப் பையிலிருந்து இந்த மஞ்சள் அட்டையை எடுத்து அதன் மேல் மாட்டினான். "ஹோல்டு" என்றான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். டிவி வாங்கிய நாளிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று அப்புறம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹோல்டு என்றால் என்ன என்று அன்றைக்கு ஒரு வகுப்பே எடுத்தான். லைனில் வருகிற பாகம் சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால் மஞ்சள் அட்டை, தப்பேதான் என்று முடிவாகிவிட்டால் சிவப்பு அட்டை, மஞ்சள் இருக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது, உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொன்ன பிறகுதான் கழற்ற வேண்டும். "யாரு வேணா மாட்டலாம், நேத்து சேந்த புள்ளகூட மாட்டலாம், மேனேஜரே வந்தாலும் பேசாம கழட்ட முடியாது, ஆனா ஒண்ணு, காரணம் சொல்லணும், காரணம் இல்லாத அட்டை செல்லாது." அவன் சொன்ன காரணம் ஒரே வரி, "இந்தப் பொட்டி இருந்தா இந்த வூட்ல நான் இருக்கறது தெரியல." அதைக் கேட்டதும் ஒரு பெண்டாட்டி என்ன செய்ய வேண்டும், மனசு இளக வேண்டும் இல்லையா, சசிரேகாவுக்கு இளகத்தான் செய்தது, ஆனால் வாய் வேறு பேசியது, வாய்க்கு எப்போதும் அவசரம்... "எனக்குன்னு இந்த வூட்ல இருக்கறது அந்த ஒரு பொட்டிதான், அதையும் மூடிட்டு நான் இன்னா சுவத்தப் பாத்துக்கினு உக்காரவா?" என்று கத்திவிட்டு, இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. தென்றலை நடுவில் வைத்துத்தான் பேச்சு, "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு", "உங்கம்மாகிட்ட மோர் இருக்கான்னு கேளு." ஐயோ, அந்த வார்த்தை. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பொட்டிதான். அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டுதானே இத்தனை மாதம் கழித்துப் பத்து வருஷ உழைப்புக்கு வந்த பரிசை அவளுக்கென்று டிவியாகக் கேட்டு வாங்குகிறான், பாவி மனுஷன், நல்ல மனுஷன், இப்படி ஒருத்தனிடம் எப்படிப் போய்ச் சொல்வது, எனக்கு அது வேண்டாம் என்று.

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்த்தாள், இன்னும் இல்லை. வேண்டாமா என்றால், நிஜமாகவே வேண்டாமா... முதல் வாரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும், செல்போனைப் புடவையில் ஒளித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தொடர் பார்த்தாள், உள்ளே சிக்னல் வராமல் அந்த மருமகள் வாயைத் திறந்தபடியே நிற்க, திரையில் வட்டம்தான் சுற்றிச் சுற்றி வந்தது, வெளியே கன்னியப்பன் வாளியோடு நின்றுகொண்டு, "யம்மா, உள்ள யாரு அழுவுறது?" என்று கேட்டார், அதோடு போதும் என்று விட்டுவிட்டாள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல வந்து அணைத்துக் கிடந்த டிவிக்கு எதிரிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள், கண்ணை எங்கே வைப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை, கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சோறு வராத மாதிரி ஒரு உட்காரல். கன்னியப்பன்தான் முதலில் எழுந்து ஓடினார், நேராக தசரதன் சலூனுக்கு, அங்கே டிவி ஓடுமே, ஆனால் சும்மா போய் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை, அதனால் தினமும் ஒரு ஷேவிங். தினமும்! கழுத்து வரைக்கும் பவுடர் மணக்க, முகமெல்லாம் பளபளவென்று மாப்பிள்ளைபோல அவர் வீடு திரும்புவதைப் பார்த்துத் தெருவே பேசியது, பக்கத்து வீட்டு எழிலரசி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா சசி, ஒங்க மாமனாருக்குப் பொண்ணு கிண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்டே விட்டாள்.

அப்புறம் எப்படியோ அந்தக் கதை ஆரம்பித்தது, அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பேச ஒன்றும் இல்லாமல் வெங்கடேசன் ஒருநாள் சொன்னான், அவன் லைன் சூப்பர்வைசர் ராமனின் பிளாஸ்க்கில் தினமும் டீ பாதியாகக் குறைந்துபோகிறதாம், யார் குடிக்கிறார்கள் என்று தெரியவில்லையாம், ராமன் துப்பறிகிறாராம். "யாருப்பா, யாருப்பா?" என்று தென்றல் அவன் மடியில் ஏறிவிட்டாள். மறுநாள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை, இன்னிக்கு எவ்ளோ குறைஞ்சுது, யார் மேல சந்தேகம், கேன்டீன்காரர் மேலயா, செக்யூரிட்டி மேலயா... வெங்கடேசனும் லேசுப்பட்டவனா, சரியான இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவான், "விளம்பரம்" என்பான், குழந்தை குதிக்கும். ராமன் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசிக் காட்டுவான், அவனுக்கு இப்படி நடிக்க வரும் என்று இத்தனை வருஷமாக யாருக்குத் தெரியும், அவளுக்கே தெரியாதே, கூடவே குடும்பம் நடத்தியும். ஒரு வாரம் போனது, சலூனிலிருந்து வருகிற கன்னியப்பன் வாசலிலேயே நின்று, "இன்னாடா ஆச்சு அந்த டீ?" என்று கேட்க ஆரம்பித்தார், முன்கதை தெரியாமல் தவித்தார், தென்றல் அவருக்கு முன்கதைச் சுருக்கம் சொல்வதற்குள் இன்றைய கதை முடிந்துவிடும், அதனால் சலூனுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அவர் கன்னத்தில் வெள்ளை முள் முளைத்தது. தாடி வளர வளர வீடு கலகலவென்று ஆகிக்கொண்டு வந்தது, சசிரேகா அதைத்தான் அளவாக வைத்திருந்தாள், மாமனார் முகத்தில் எவ்வளவு முள்ளோ வீட்டில் அவ்வளவு பேச்சு. கடைசியில் அந்த டீயை யாருமே குடிக்கவில்லை, ராமனுக்குச் சர்க்கரை என்று அவர் சம்சாரமே தினமும் பாதிதான் ஊற்றிக் கொடுத்தாராம்! அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் எழிலரசி சுவரை எட்டிப் பார்த்து, "இன்னா சசி, இன்னா படம் போட்டிருக்கீங்க?" என்றாள்.

எண்ணெய் காய்ந்துவிட்டது. முதல் பஜ்ஜியை விட்டாள், அது புரண்டு உப்பி மேலே வந்தது. இதெல்லாம் போய்விடுமே, அதுதானே பயம், பாதிச் சுவருக்கு ஒரு டிவி வந்தால் வெங்கடேசனும் மறுபடி தட்டைப் பிடித்துக்கொண்டு அதன் எதிரில் உட்காருவான், கதை சொல்கிற வாய் சோறு தின்ன மட்டும் திறக்கும், மாமனார் முகம் மழமழவென்று ஆகாவிட்டாலும் டிவி பக்கம் திரும்பிக்கொள்ளும்... அவளே உட்காருவாள், அவளுக்கென்ன பெரிய வைராக்கியம், அந்த மருமகள் கதி என்ன ஆயிற்று என்று இன்னமும் உள்ளுக்குள் ஒரு மூலை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது மட்டும்தானா காரணம், உண்மையைச் சொல்லு சசிரேகா, அது மட்டும்தானா? இல்லை. இன்னொன்று இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லுகிற அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை, கேட்டால் சிரிப்பார்கள்... அந்த இடம் முதலில் ஜன்னல்.

படப்பைக்குப் பக்கத்தில் இந்த மனையில் வீடு கட்டும்போது, சுவர் எழும்பிய நாட்களில், தினமும் தண்ணீர் ஊற்றி நனைக்கிற வேலை அவளுடையது. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு புதுச் செங்கல் வாசத்தில் நிற்பாள், அந்தச் சுவரில் ஜன்னலுக்கென்று ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள், மேலே சுவரைத் தாங்குகிற லிண்டல்கூடப் போட்டாயிற்று. அதன் வழியாகப் பார்த்தால் எதிரே யாருடையதோ காலி மனை, நட்ட கல், கொஞ்சம் முள்செடி, அதைத் தாண்டி ஏரிக்கரை, கரையோடு ஒட்டிப் போகிற மெயின்ரோடு. ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றது, வெங்கடேசன் இறங்கினான். அவள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. இறங்கியவன் நேராக வரவில்லை, ஓரமாக நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான், பஸ் கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியைக் கையால் ஒதுக்கினான், பஸ் நகர்ந்துவிட்டது, கண்ணாடியும் போய்விட்டது, அவன் வெறுங்காற்றைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றான்... யாருக்காக? வீட்டுக்கு வருகிறவன், எட்டு மணி நேரம் மிஷின் பக்கத்தில் நின்றவன், யாருக்காக இந்த அலங்காரம், அவளுக்காகத்தானே! குழாய்த் தண்ணீர் கால் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது, அவள் அப்படியே நின்றாள், சிரிப்பு வந்தது, அழுகைபோலவும் இருந்தது, கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்த பிறகு ஒரு பெண் தன் புருஷனை முதல்முறை பார்த்ததுபோல இருந்தது. அவன் வீட்டை நெருங்கி வந்ததும் வழக்கமான வெங்கடேசன் ஆகிவிட்டான், "இன்னா இது, குளம் கட்டி வெச்சிருக்க" என்றான்.

அடுத்த வாரம் மேஸ்திரி சுப்பிரமணி வந்து நடுவில் நின்று கேட்டார், "இங்க ஜன்னலா, டிவியா? ரெண்டும் வராது, இப்பவே சொல்லிடுங்க." கன்னியப்பன் டிவி என்றார். வெங்கடேசன் டிவி என்றான், பிறகு அவளைப் பார்த்து, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்கத்தான் செய்தான், பொய் சொல்லக்கூடாது, கேட்டான். அவள் தலை ஆடியது. டிவிக்கு ஆடியது. ஏன் ஆடியது? ஜன்னல் வேண்டும் என்றால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் என்ன சொல்வது, நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கி முடி ஒதுக்குவதைப் பார்க்க வேண்டும் என்று மாமனார் முன்னால், மேஸ்திரி முன்னால், மணல் சலிக்கிற ஆட்கள் முன்னால் சொல்வாளா ஒருத்தி? செங்கல் ஏறியது, பூச்சு ஏறியது, பெயின்ட் ஏறியது, அதன் மேல் டிவி ஏறியது. அந்த டிவியையும் போன மாதம் வனமாமலை வந்து தூக்கிக்கொண்டு போனான், வெங்கடேசனோடு வேலை செய்கிற பையன், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான், "சும்மா கெடக்குன்னா எங்க ரூமுக்குக் குடுங்கண்ணே, பயலுவ கிரிக்கெட் பாப்பானுவ" என்று கேட்டான், வெங்கடேசன் பெட்டியைக் கொடுத்துவிட்டு அட்டையை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டான், "அட்டை எங்க வூட்டுது" என்று. அன்றிலிருந்து வீட்டைக் கூட்டும்போதெல்லாம் அந்தச் சுவரில் ஒரு தடவை கையை வைக்கிறாள். கேட்டுவிடலாம், இன்று கேட்டுவிடலாம், நாளைக்கு... அவன் பெரிய கோட்டையா கட்டித்தரப் போகிறான், ஒரு ஜன்னல், கேட்டால் என்ன? கேட்டால் ஏன் என்பானே.

ஹாரன் கேட்டது. அவளுக்கு அந்த ஹாரன் தெரியும், ரோட்டில் எத்தனை கம்பெனி பஸ் போனாலும் அது மட்டும் தனியாகக் கேட்கும், கேட்கத்தான் முடியும், பார்க்க முடியாது, நடுவில் சுவர். இப்போது இறங்கியிருப்பான், இப்போது முகம் துடைப்பான், இப்போது முடி... இன்னும் ஒதுக்குகிறானா, முன்பக்கம் முடி பாதி போய்விட்டதே, இருக்கிறதையாவது ஒதுக்குவானா? அவளாகவே சிரித்துக்கொண்டாள், தென்றல் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "இன்னாமா தனியா சிரிக்கிற?" என்றாள், "பஜ்ஜி கருகிடுச்சு, அதான்" என்றாள், கருகினால் யாராவது சிரிப்பார்களா என்று குழந்தை முகத்தைச் சுளித்தது. வாசலில் ஒரு செருப்புச் சத்தம் அல்ல, இரண்டு. வெங்கடேசன் பின்னால் வனமாமலை, அவன் கையில் டிரில்லிங் மிஷின், தோளில் வயர் சுருள். "மதினி, பஜ்ஜி வாசம் ஏரிக்கரை வரைக்கும்லா வருது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். டிவி நாளைக்குத்தான் வருமாம், மாட்டுகிற கம்பியை இன்றைக்கே சுவரில் பொருத்திவிட்டால் வேலை சுலபமாம், கன்னியப்பன் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார், ஆனால் அவர் கேட்டது என்னவோ, வெங்கடேசன் இப்போது தினமும் சொல்லிவருகிற அடுத்த கதையைப் பற்றி, "டிவி கெடக்கட்டும், அந்தப் புது வெல்டர் கதை இன்னாடா ஆச்சு?" என்றுதான். "தோ, சொல்றம்பா, இந்த வேல முடியட்டும்" என்று வெங்கடேசன் ஆணியிலிருந்து மஞ்சள் அட்டையைக் கழற்றி, ஈரக்கையோடு வந்து நின்ற அவளிடம் நீட்டினான். முகத்தில் அதே காலைச் சிரிப்பு. "உனக்குன்னு இந்த வூட்ல ஒரு பொட்டிதான்னு அன்னிக்கு சொன்ன இல்ல... என்னால மறக்க முடியல ரேகா. இந்தா, ஹோல்டு முடிஞ்சுது." தாழ்ந்த குரலில், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் கையில் அட்டை. ஒரே தூசி, ஓரம் மடங்கியிருந்தது, எழுத்து வெளுத்திருந்தது, இத்தனை மாதமாக அது இந்த வீட்டைக் காவல் காத்தது. சொல்லாதே என்றது மனது, பாரு அவன் முகத்தை, எவ்வளவு ஆசை, ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும், உனக்குத்தான் ஆட்டிப் பழக்கம் ஆயிற்றே... வனமாமலை பென்சிலால் குறி போட்டுவிட்டு, சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், இங்கே ஒரு தட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு. "அண்ணே, இங்கன ஒரு சத்தம் கேக்கு, அங்கன வேற சத்தம். பொறவு அடைச்ச இடமா?" வெங்கடேசன் நெற்றியைச் சுருக்கினான், "அடைச்ச எடமா... தெர்லயே" என்றான், மறந்தே போயிருக்கிறான், கன்னியப்பனும் மோவாயைச் சொறிந்துகொண்டு யோசித்தார், யாருக்கும் ஞாபகமில்லை, இந்த வீட்டில் அந்த ஜன்னல் அவளுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, அவளும் வாயை மூடிக்கொண்டால் அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று ஆகிவிடும். மிஷின் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. "நிறுத்துப்பா" என்றாள். யார் சொன்னது என்று அவளே ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். மிஷின் நின்றது. அவள் மூன்று பேரையும் தாண்டிப் போய், எட்டி, மஞ்சள் அட்டையை மறுபடி ஆணியில் மாட்டினாள். முதல் தடவை நழுவியது, இரண்டாம் தடவை நின்றது.

"அம்மா ஹோல்டு போட்டுட்டா!" என்று தென்றல் கை தட்டினாள். வெங்கடேசனுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரிப்பு முகத்திலேயே நின்றிருந்தது, ஆனால் உள்ளே இருந்த விளக்கு கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது, அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா ரேகா... சின்னதா வேணுமா? வேற கம்பெனி டிவி வேணுமா?" "இல்லங்க." "அப்புறம்?" அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு கையைக் கட்டிக்கொண்டு, லைனில் புது ஆளிடம் கேட்பானே, அந்த மாதிரி, கடுப்பே இல்லாமல் கேட்டான், "காரணம் சொல்லணும். காரணம் இல்லாத அட்டை செல்லாது, தெரியுமில்ல?" தெரியும். ஹாலில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாமனார், குழந்தை, பஜ்ஜியைப் பாதி கடித்தபடி வனமாமலை, அன்றைக்கு இருந்த மேஸ்திரியும் மணல் சலித்த ஆட்களும் மட்டும்தான் பாக்கி, மற்றபடி அதே கூட்டம்தான். கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டுமே, இந்த ஹாலில் இந்த வருஷம் சிரித்த சிரிப்பில் இது ஒரு சிரிப்பு. எதிர் மனைக்காரன் நாளைக்கே வீடு கட்ட ஆரம்பித்துவிட்டால்? கட்டட்டும், அதுவரைக்கும் பார்க்கிறேன். முடி முழுக்கப் போய்விட்டால்? முகம் துடைப்பான் இல்லையா, அதைப் பார்க்கிறேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், தொண்டையைச் செருமினாள், மூடிய சுவரில் கையை வைத்தாள். வீட்டில் அவ்வளவு அமைதி, அடுப்பில் எண்ணெய் மட்டும் சொடசொடவென்று. மறைத்துக்கொள்ள ஒரு பாட்டு இல்லை, ஒரு விளம்பரம் இல்லை, தன் குரல் இந்த ஹாலில் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இந்த எடத்துல எனக்கு ஒரு ஜன்னல் வேணும். நீங்க பஸ்ஸ வுட்டு எறங்கறத நான் தெனமும் இங்க நின்னு பாக்கணும்."